ரத்தம் வந்தாச்சு: இம்யூனாலஜி லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். "ரத்தம் எடுத்தாச்சு, ஆள் அனுப்புங்க." அப்போது மணி பதினொன்று என்றால் உங்களுக்கு நல்ல நாள். மாலை நாலரை என்றால் அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டல் மெஸ்ஸில் உங்களுக்குச் சாப்பாடு மிச்சம் இருக்காது. இந்த லேபில் சேரப்போகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வேறு சில லேப்களில் கரைசலை மூடி வைத்துவிட்டு நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். இங்கே குழாயில் இருப்பது உயிரோடிருக்கிற செல், அதன் நேரம்தான் நம் நேரம்.

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில், காசநோய்க்கு எதிராக உடம்பு எப்படிச் சண்டை போடுகிறது என்று பார்க்கும் லேபில் ஆறு வருடம் இருந்தேன். ஜூலையில் புது ஸ்காலர்கள் வருவார்கள், அதே கேள்விகளைக் கேட்பார்கள், அதே ஏழெட்டுத் தப்புகளைச் செய்வார்கள். நானும் அவற்றில் பாதிக்கு மேல் செய்தவன்தான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் இப்படி எழுதி வைக்கிறேன்.

சேருவதற்கு முன்

முதல் வேலை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மனித ரத்தத்தைத் தொடப்போகிறீர்கள் என்றால் இதில் பேச்சே இல்லை. மூன்று ஊசி: இன்றைக்கு ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) மில்லிக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு மூன்று ஊசிக்குப் பிறகும் வராது, அது தெரியாமல் தைரியமாகத் திரிவதுதான் ஆபத்து. மொத்தம் ஆறு மாதம் ஆகும் என்பதால் அட்மிஷன் கடிதம் கைக்கு வந்த அன்றே ஆரம்பிப்பது நல்லது.

இரண்டாவது, மூடிய ஷூ. செருப்போடு வந்தால் எங்கள் சீனியர் அக்கா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். மூன்றாவது, கெட்டி அட்டை போட்ட, பக்கம் எண் அச்சடித்த நோட்டு. தனித்தாளில் எழுதாதீர்கள், கையுறை மேல் எழுதாதீர்கள் (எல்லோரும் எழுதுவோம், பிறகு அந்தக் கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டு விழிப்போம்).

படிக்க வேண்டியதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தடித்த பாடப் புத்தகம் முழுவதையும் முடித்துவிட்டு வருகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். டி செல், பி செல், மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல், இவை ஒவ்வொன்றும் என்ன செய்கின்றன, ஆன்டிஜெனை யார் யாருக்குக் காட்டுகிறார்கள், சைட்டோகைன் என்றால் என்ன, இவ்வளவு தெளிவாக இருந்தால் போதும். மற்றது வேலையோடு வரும்.

முதல் இரண்டு வாரம்

எதையும் தொடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிப்பெட்டை எடுப்பதற்கு முன் லேபின் வரைபடம் உங்கள் மனதில் ஏற வேண்டும். மைனஸ் 20 ஃப்ரீசரில் எந்தத் தட்டு யாருடையது, ஆன்டிபாடிப் பெட்டி எங்கே (பெரும்பாலும் 4 டிகிரி ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் இல்லை. லேசர் பட்டால் ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடியை உறைய வைத்துவிட்டால் பல ஆயிரம் ரூபாய் போச்சு), கண் கழுவும் குழாய் எங்கே, மெயின் ஸ்விட்ச் எங்கே. அப்புறம் லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் பழகுங்கள். இருபது வருடமாக ஆட்டோகிளேவை (நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் பெட்டி) பார்த்துக்கொள்ளும் அவருக்கு, அது போடுகிற சத்தத்தை வைத்தே கேஸ்கெட் போய்விட்டதா என்று தெரியும். அது எந்த மேனுவலிலும் கிடையாது.

ஹூட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் காற்று வீசுகிற எல்லாப் பெட்டியையும் ஹூட் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வடிகட்டிய காற்று பின்னாலிருந்து நேராக உங்கள் முகத்தை நோக்கி வரும். அது உள்ளே இருக்கும் பொருளைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. மீடியம் தயாரிக்க, பாட்டில் திறக்க அது சரி. ரத்தத்தையோ நோயாளியின் சளியையோ அதில் திறந்தால் அதிலிருந்து எழும் திவலை உங்கள் மூக்குக்குத்தான் வரும். மனித மாதிரிக்கு பயோசேஃப்டி கேபினெட் என்னும் இரண்டாவது வகைதான். எது எது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள், குத்திக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். ப்ளீச் ஊற்றிய கழிவை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும். கையுறையோடு கதவுப் பிடியையும் போனையும் தொடாதீர்கள். இந்த மூன்றையும் மீறி மாட்டிக்கொண்டால் எங்கள் லேபில் ஒரு மாதம் வெள்ளிக்கிழமை சென்ட்ரிஃப்யூஜ் துடைக்க வேண்டும்.

ரத்தம் எடுப்பதற்கு முன்: படிவம்

பலரும் இதைக் குமாஸ்தா வேலை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். மனித ரத்தம் எடுக்க எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும், ரத்தம் கொடுப்பவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும், அந்தப் படிவம் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். எங்கள் முதல் தமிழ்ப் படிவத்தை நான்தான் எழுதினேன். "தங்களது புற இரத்த ஒற்றை உட்கரு உயிரணுக்களின் செயற்பாட்டு மதிப்பீட்டிற்காக 10 மி.லி. குருதி சேகரிக்கப்படும்." எழுதிவிட்டுப் பெருமையாக வேறு இருந்தது. வார்டில் நர்ஸ் அக்கா வாசித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை நீயே ஒருதடவை சத்தமாப் படி" என்றார். படித்தேன். கட்டிலில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா அவரிடம், "ரெண்டு டீஸ்பூன் ரத்தம் எடுப்பாங்க ஐயா, சளி நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்ண. உங்களுக்கு இதனால மருந்து ஒண்ணும் மாறாது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம், வைத்தியம் அதே மாதிரிதான் நடக்கும்" என்று நாலு வரியில் முடித்தார். பெரியவர் உடனே, "ரெண்டு ஸ்பூன் தானே, எடுத்துக்கங்க" என்றார். அடுத்த வாரம் அந்த நாலு வரியையே கொஞ்சம் திருத்திப் படிவத்தில் போட்டு, கமிட்டிக்கு மறுபடி அனுப்பினோம்.

லேபில் கூட இருக்கிறவர்களிடம் "கன்ட்ரோலுக்கு ஒரு குழாய் ரத்தம் கொடு" என்று, அதாவது நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்க்க, கேட்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. புதிதாக வந்தவர் சீனியர் கேட்டால் எப்படி மாட்டேன் என்பார்? ஆரோக்கியமானவர் ரத்தத்துக்கும் அதே அனுமதி, அதே கையெழுத்து வேண்டும். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம், அதனால் உங்கள் பிஎச்டி நின்றுபோகாது.

ரத்த நாள்

சரி, குழாய் வந்துவிட்டது. பச்சை மூடி என்றால் ஹெபாரின், ஊதா மூடி என்றால் ஈடிடிஏ. செல்லைத் தூண்டிப் பார்க்கிற சோதனைக்குப் பச்சை மூடியைக் கேட்டு வாங்குங்கள். ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், டி செல் தூண்டப்படக் கால்சியம் வேண்டும். குழாயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்து ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த புதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறை வெப்பநிலைதான் சரி, சில மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். தாமதமானால் நியூட்ரோஃபில் என்னும் வேறு வகை வெள்ளணுக்கள் அடர்த்தி மாறி, நமக்கு வேண்டிய செல்கள் (டி செல், பி செல், மோனோசைட்) சேரும் வெள்ளை வளையத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வெள்ளை வளையம்தான் எல்லாம். ரத்தத்தைச் சம அளவு பிபிஎஸ் பஃபரோடு (செல்லைக் கெடுக்காத உப்புக் கரைசல்) கலக்க வேண்டும். ஃபைக்கால் என்னும் கரைசலின் அடர்த்தி 1.077. அதைக் குழாயின் அடியில் வைத்து, அதன் மேல் ரத்தத்தைக் கலங்காமல் படர விட வேண்டும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, பிப்பெட் நுனியைச் சுவரில் ஒட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விடுகிற மாதிரி மெதுவாக. முதல் பத்துத் தடவை கை நடுங்கும், இரண்டும் கலந்து இளஞ்சிவப்பாகிவிடும். அதனால்தான் முதலில் சர்க்கரைப் பாகின் மேல் கலர் தண்ணீர் ஊற்றிப் பழகச் சொல்கிறேன். இதில் செலவும் இல்லை, யாருடைய ரத்தமும் வீணாவதில்லை.

அப்புறம் சென்ட்ரிஃப்யூஜ், அதாவது வேகமாகச் சுற்றி அடுக்குகளைப் பிரிக்கும் மெஷின். 400 ஜி, 30 நிமிடம், 20 டிகிரி, பிரேக் ஆஃப். இதில் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, ஜி (செல் மேல் விழும் விசை) வேறு, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வேறு. ரோட்டரின் ஆரம் 16 சென்டிமீட்டர் என்றால் 400 ஜி-க்குச் சுமார் 1,500 ஆர்பிஎம் போட வேண்டும். புதியவர் 400 ஆர்பிஎம் என்று போடுவார், அது 30 ஜி கூட வராது. அரை மணி கழித்துத் திறந்தால் எதுவும் பிரிந்திருக்காது. உங்கள் மெஷினில் ஜி என்று மாற்றும் பட்டன் எங்கே என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இரண்டாவது பொறி பிரேக். சுற்றி முடிந்ததும் மெஷின் சடக்கென்று நின்றால் அடுக்குகள் கலங்கிவிடும். முன்னால் பயன்படுத்தியவர் பிரேக்கை 9-ல் விட்டுப்போயிருப்பார், நீங்கள் பார்க்காமல் ஸ்டார்ட் அழுத்திவிடுவீர்கள். ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டிய இடம் அது.

எல்லாம் சரியாக நடந்தால் குழாயில் நான்கு அடுக்கு தெரியும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, அதன் கீழே மேகம் மாதிரி மெல்லிய வெள்ளை வளையம், பிறகு தெளிந்த ஃபைக்கால், அடியில் சிவப்பணுக்கள். வளையத்தைப் பாஸ்டர் பிப்பெட்டால் வட்டமாகச் சுற்றி உறிஞ்சி எடுங்கள். பேராசைப்பட்டுக் கீழே உள்ள ஃபைக்காலையும் நிறைய எடுத்தால் நியூட்ரோஃபில் சேர்ந்து வரும், கழுவும்போது செல்லும் சரியாகக் கீழே இறங்காது. வளையத்தை பிபிஎஸ்ஸில் கழுவி 300 ஜி-யில் ஒருமுறை, பிறகு தட்டணுக்களைக் கழிக்க 200 ஜி-யில் ஒருமுறை சுற்றுங்கள். இந்த முறையை 1968-ல் நார்வேக்காரரான ஆர்னே போயும் எழுதி வைத்தார், அரை நூற்றாண்டு கழித்தும் நாம் அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆரோக்கியமானவரின் 1 மில்லி ரத்தத்திலிருந்து சுமார் 10 லட்சம் செல் கிடைக்கும். அதைவிட மிகவும் குறைந்தால் கையில் கோளாறு, மிகவும் கூடினால் எண்ணியதில் கோளாறு.

எண்ணுவது பற்றிச் சுருக்கமாக. டிரிப்பான் ப்ளூவோடு சம அளவு கலந்து நியூபாவர் அறையில் (கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடி) விட்டு, நான்கு மூலைச் சதுரங்களையும் எண்ணுங்கள். நான்கிலும் சேர்த்து 200 என்றால் சராசரி 50. அதை 2-ஆல் பெருக்கினால் 100, அதையும் 10,000-ஆல் பெருக்கினால் மில்லிக்கு 10 லட்சம். செத்த செல் நீலமாகத் தெரியும். கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் உயிரோடிருந்ததும் நீலமாகிவிடும், அந்தச் சாயமே செல்லுக்கு விஷம். கோட்டின் மேல் இருக்கும் செல்லை எண்ணுவதா கூடாதா என்ற சண்டைக்கு வழக்கமான தீர்ப்பு: மேல்கோடும் இடக்கோடும் சேரும், மற்ற இரண்டும் சேராது.

எலைசா, ஒன்றுமே நிறம் வராத தட்டு

எலைசா என்பது மாதிரியில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் சோதனை. அதை 1971-ல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் வெளியிட்டார்கள். இன்றைக்கு அதுதான் இம்யூனாலஜியின் சோறு. குழிகள் உள்ள தட்டில் ஆன்டிபாடி பூசி ஒரு ராத்திரி 4 டிகிரியில் வைப்பது, காலியிடத்தைப் புரதத்தால் அடைப்பது, மாதிரி, இரண்டாவது ஆன்டிபாடி, என்சைம், டிஎம்பி என்னும் நிறப்பொருள். நீலம் வரும், அமிலம் ஊற்றினால் மஞ்சளாகும், 450 நானோமீட்டரில் படிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கு நடுவிலும் கழுவு, கழுவு, கழுவு. எலைசா சரியாக வராததற்குப் பத்தில் ஏழு தடவை கழுவியதுதான் காரணம் என்பது என் சொந்தக் கணக்கு.

என் இரண்டாவது வருடத்தில் 80 நோயாளிகளின் மாதிரியை வைத்து ஒரு தட்டு போட்டேன். டிஎம்பி ஊற்றினேன், காத்திருந்தேன். பதினைந்து நிமிடமாகியும் தண்ணீர் மாதிரி நிற்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்து மேசையில் இருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஸ்டாண்டர்டு வந்துச்சா?" ஸ்டாண்டர்டு என்றால் அளவு தெரிந்தே நாம் போடும் புரதம். வரவில்லை. "அப்போ மாதிரியிலே தப்பில்லை, உன் கரைசல்ல எதுவோ." அரை மணி நேரம் தேடிப் பிடித்தோம். பிபிஎஸ் கெட்டுப்போகாமலிருக்க யாரோ அதில் சோடியம் அசைடு போட்டிருந்தார்கள், பாட்டிலின் லேபிள் பின்பக்கம் திரும்பியிருந்தது. அந்த பிபிஎஸ்ஸில்தான் நான் கழுவும் பஃபரைத் தயாரித்திருந்தேன். நாம் பயன்படுத்தும் பெராக்ஸிடேஸ் என்சைமை அசைடு செயலிழக்கச் செய்துவிடும். நல்லவேளை, மாதிரியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன்.

அதனால் இந்த வரிசையில் யோசியுங்கள். ஸ்டாண்டர்டு வந்து மாதிரி வரவில்லையா? மாதிரியில் அந்தச் சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல வெளியிடும் புரதம்) இல்லாமல் இருக்கலாம், அதுவும் ஒரு விடைதான். இரண்டுமே வரவில்லையா? கரைசல். எல்லாக் குழியும் ஒரே மாதிரி நீலமா? கழுவியது போதவில்லை. ஓரத்துக் குழிகள் மட்டும் விசித்திரமா? தட்டை ஒட்டிமூடாமல் வைத்து ஓரம் உலர்ந்திருக்கும். கன்ட்ரோல் இல்லாமல் போட்ட தட்டில் இந்தக் கேள்வி எதற்கும் பதில் கிடைக்காது, திரும்பப் போடத்தான் வேண்டும்.

அழைக்காமல் வரும் எல்பிஎஸ்

இதற்குக் கொஞ்சம் அதிக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் இம்யூனாலஜிக்கே உரிய ஏமாற்று இது, மற்ற லேபிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரு புரதத்தைத் தயாரிக்கிறீர்கள். புரதம் சுத்தமா என்று பார்க்கும் ஜெல்லில் ஒரே பட்டை, அவ்வளவு சுத்தம். அதை மேக்ரோஃபேஜ் மேல் ஊற்றுகிறீர்கள், டிஎன்எஃப் என்னும் சைட்டோகைன் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. "என் புரதம் செல்லைத் தூண்டுகிறது!" என்று கைடிடம் ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். அந்த பாக்டீரியாவின் மேல்தோலில் எல்பிஎஸ் என்னும் கொழுப்புச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. ஜெல் சாயத்தில் அது தெரியாது. மில்லிக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே மனித மோனோசைட் அதை மோப்பம் பிடித்துவிடும். நம் உடம்பு கிருமியைக் கண்டுபிடிப்பதே இப்படிப்பட்ட பொருளை வைத்துத்தான்.

என்ன செய்ய வேண்டும்? புரதத்தை நன்றாகக் கொதிக்க வைத்து மறுபடி ஊற்றுங்கள். புரதம் வெந்துபோய் வேலை செய்யாது, எல்பிஎஸ் கொதிக்கு அசையாது. கொதித்த பிறகும் டிஎன்எஃப் அதே அளவு வந்தால், கொட்டியது எல்பிஎஸ் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். பாலிமிக்ஸின் பி சேர்த்தும் ஒரு குழி வையுங்கள், அது எல்பிஎஸ்ஸைக் கட்டிப்போடும். கண்ணாடிப் பாத்திரத்தை ஆட்டோகிளேவ் செய்தால் கிருமி சாகும், எல்பிஎஸ் போகாது. அது போக உலர் சூட்டில் 250 டிகிரி, அரை மணி நேரம் வேண்டும். எங்கள் லேபில் ஒருவர் எட்டு மாதம் ஒரு புரதத்தின் பின்னால் ஓடினார். கொதிக்க வைத்த குழியை முதல் வாரமே போட்டிருந்தால் அந்த எட்டு மாதமும் மிச்சம். அவர் யார் என்று கேட்காதீர்கள், இந்தக் கட்டுரையை எழுதுகிறவருக்கு மிகவும் நெருக்கமானவர்.

ஃப்ளோ சைட்டோமீட்டர்

இந்த மெஷின், சாயம் ஒட்டிய ஆன்டிபாடி போட்ட செல்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டு, லேசர் வெளிச்சம் பட்டதும் ஒவ்வொன்றும் என்ன நிறத்தில் ஒளிர்கிறது என்று பார்க்கிறது. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான செல்களைப் பார்த்துவிடும். செல்லின் மேல் இருக்கும் மூலக்கூறுகளுக்குச் சிடி4, சிடி8 என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிற எண்கள் 1982-ல் பாரிஸில் நடந்த ஒரு பட்டறையில் ஆரம்பித்தவை. அதற்கு முன் ஒரே மூலக்கூறுக்கு லேபுக்கு ஒரு பெயர் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஒரே மெஷின்தான், பத்து லேபுக்குப் பொது. புக்கிங் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வராமல் இருந்துவிடாதீர்கள், அந்தக் கெட்ட பெயர் சீக்கிரம் போகாது. செல்லை வலையில் வடிகட்டாமல் மெஷினில் ஏற்றி அடைப்பு ஏற்படுத்தினால் கெட்ட பெயர் இன்னும் பெரியது.

சோதனைக் குழாய்களோடு கூடவே வைக்க வேண்டியவை சில உண்டு. சாயமே போடாத செல் ஒன்று. ஒவ்வொரு நிறத்தையும் தனியாகப் போட்டவை, ஏனென்றால் ஒரு நிறத்தின் வெளிச்சம் பக்கத்து நிறத்தின் கண்ணிலும் கசியும், அதைக் கழிக்க இவை வேண்டும். அப்புறம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா நிறமும் போட்டது. எது நிஜ பாசிட்டிவ், எது வெறும் கசிவு என்று கோடு போட இதைவிட நல்ல வழி இல்லை. செத்த செல்லைக் காட்டும் சாயத்தையும் கட்டாயம் சேருங்கள். செத்த செல் எல்லா ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும், அபூர்வமான ஒரு புதுச் செல் வகையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நம்மை நம்பவைக்கும். மோனோசைட்டுகளுக்கு ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் ஏற்பி இருப்பதால், முதலில் அதை அடைத்துவிட்டு நிறம் போடுங்கள்.

ஆன்டிபாடி விலை உயர்ந்தது. கம்பெனி தாளில் ஒரு சோதனைக்கு 5 மைக்ரோலிட்டர் என்று இருந்தால் அப்படியே போடாமல், 5, 2.5, 1.2, 0.6 என்று குறைத்துக்கொண்டே போய் எங்கே பிரிவு நன்றாகத் தெரிகிறது என்று பாருங்கள். பல நேரம் பாதியே போதும். பிஇ-சை7 மாதிரி இரண்டு சாயத்தைக் கோர்த்தவை வெளிச்சத்தில் உடைந்துபோகும், அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். ஆர்டர் போட்டு கொட்டேஷன், இன்டென்ட், ஒப்புதல், கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டி ஒரு குப்பி கைக்கு வர எங்களுக்கு இரண்டு மாதம் பிடிக்கும். தீரப்போகிறது என்று தெரிந்த பிறகு ஆர்டர் போட்டால் தாமதம், பாதி இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

உறைய வைப்பது, வளர்ப்பது, எலி

எல்லா ரத்தத்தையும் அன்றே சோதிக்க முடியாது. மிச்சச் செல்லை 90 சதவீதம் சீரம், 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காப்பாற்றும் திரவம்) கலவையில் போட்டு, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரும் பெட்டியில் வைத்து மைனஸ் 80-ல் ஒரு ராத்திரி, அடுத்த நாள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். வெளியே எடுக்கும்போது இதற்கு நேர்மாறு: 37 டிகிரித் தண்ணீரில் சட்டென்று உருக்கி, வெதுவெதுப்பான மீடியத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். உறைய வைப்பது மெதுவாக, உருக்குவது வேகமாக. நைட்ரஜனில் இருந்து எடுத்த குப்பி சில சமயம் வெடிக்கும், முகக் கவசம் போடாமல் டேங்கைத் திறக்காதீர்கள். நைட்ரஜன் கேனோடு லிஃப்டில் போகாதீர்கள், அடைத்த இடத்தில் அது ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும், மயங்கி விழுவதற்கு முன் ஒரு அறிகுறியும் தெரியாது. கேனை லிஃப்டில் அனுப்பிவிட்டு நீங்கள் படியில் இறங்குங்கள்.

டிசம்பர் மழையில் கரண்ட் போனால் மைனஸ் 80 ஃப்ரீசரைத் திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் பல மணி நேரம் தாங்கும், "எப்படி இருக்கிறது என்று பார்ப்போமே" என்று ஆளுக்கு ஒருதடவை திறந்தால் தாங்காது.

ஜுர்கட், டிஎச்பி-1 மாதிரி செல் வரிசைகளை (லேபில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல்கள்) வளர்ப்பவர்கள் மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியா இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மீடியம் கலங்காது, மைக்ராஸ்கோப்பில் தெரியாது, செல் சுவர் இல்லாத ஜந்து என்பதால் நாம் ஊற்றும் பென்சிலினுக்கும் அசையாது. ஆனால் செல்லின் நடத்தையை மாற்றிவிடும். மாதம் ஒருமுறை பிசிஆர் செய்து பாருங்கள். பக்கத்து லேப் நண்பர் அன்பாகக் கொடுத்த ஃபிளாஸ்க்கைச் சோதிக்காமல் பொது இன்குபேட்டரில் வைக்காதீர்கள், நட்பு வேறு இது வேறு.

எலி வேலை பற்றி அதிகம் எழுதமாட்டேன், நான் அதிகம் செய்ததில்லை. விலங்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வரும் வரை ஒரு எலியைக்கூடத் தொடக்கூடாது, எத்தனை எலி என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், எலியைப் பிடிக்கப் பயமாக இருந்தால் அதை முன்கூட்டியே கைடிடம் சொல்லிவிடலாம். மனித ரத்தத்தோடு மட்டும் பிஎச்டி முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

கைடு, மீட்டிங், பணம்

வாரம் ஒருமுறை லேப் மீட்டிங் இருக்கும். வேலை செய்யாமல் போன சோதனையையும் காட்டுங்கள். பி செல்லில் இருக்கும் அந்த பி எங்கிருந்து வந்தது தெரியுமா? புரூஸ் கிளிக் என்பவர் கோழியின் பின்பக்கத்தில் இருக்கும் ஃபாப்ரிசியஸ் பர்சா என்னும் சின்னப் பையை அறுத்து எடுத்துவிட்டு, அது எதற்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. டிமோதி சாங் என்னும் சக மாணவர் வகுப்பில் ஆன்டிபாடி உண்டாவதைச் செய்துகாட்ட அந்தக் கோழிகளை இரவல் வாங்கிப் போனார். ஊசி போட்டார்கள், ஆன்டிபாடி வரவில்லை. வகுப்பில் செய்துகாட்டியது சொதப்பல். ஆனால் அவர்கள் அதை அப்படியே குப்பையில் போடாமல், எந்தக் கோழி என்று பார்த்தார்கள். பர்சா எடுத்த கோழிகள்தான். பி செல்லின் பி அந்த பர்சாவின் பி. 1956-ல் கட்டுரை வந்தது கோழி வளர்ப்பு ஆய்விதழில்தான், பெரிய இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. நம் ஊர்ப் பக்கமும் ஒன்று உண்டு. செங்கல்பட்டில் 1968-ல் ஆரம்பித்த பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) ஆய்வு, லட்சக்கணக்கான மக்கள், பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ஏன் என்ற கேள்வியை வைத்து இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது, எங்கள் லேபின் புராஜெக்ட்டே அதன் ஒரு வால்தான்.

கைடிடம் பேசும்போது "வரலை சார்" என்று மட்டும் நிறுத்தாதீர்கள். எந்தக் கன்ட்ரோல் வந்தது, எது வரவில்லை, அடுத்து எதை மாற்றப் போகிறீர்கள், இந்த மூன்றும் ஒரே ஸ்லைடில் இருந்தால் எந்தக் கைடும் திட்டமாட்டார். அல்லது குறைவாகத் திட்டுவார். நோட்டில் ஆன்டிபாடியின் குளோன் பெயர், லாட் எண், சீரத்தின் லாட் எண் எல்லாம் எழுதுங்கள். சீரம் பாட்டில் மாறினாலே முடிவு மாறுவதுண்டு, அப்போது எந்தத் தேதியில் மாறியது என்று தேடுவீர்கள்.

பணம். நெட் தேர்வு எழுதிக் கிடைக்கும் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) என்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (அதன் அடுத்த படி) ஆனதும் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. தாளில் இப்படி. எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் ஒன்றாக வந்தது, அதற்கு முன் ஐந்து மாதம் ஒன்றுமே வரவில்லை. யார் மேல் தப்பு என்று எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. மூன்று மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள், படிவத்தை ஒவ்வொரு மாதமும் நேரத்துக்குக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்படாமல் சீனியரிடம் கடன் கேளுங்கள். நாங்களும் எங்கள் சீனியரிடம் கேட்டவர்கள்தான்.

ராத்திரி கிளம்பும் முன்

இன்குபேட்டர் கதவு இரண்டும் சாத்தியிருக்கிறதா, உள் கண்ணாடிக் கதவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது, சனிக்கிழமை என்றால் திங்கள் வரை தாங்குமா. வாட்டர் பாத் ஆஃப். சென்ட்ரிஃப்யூஜ் மூடியைத் திறந்து வைக்கவும், உள்ளே ஈரம் காயட்டும். பிரேக்கை பழையபடி வைத்தீர்களா? கேபினெட்டைத் துடைத்தாயிற்றா? நாளைக்கு ரத்தம் வருகிறதென்றால் பிபிஎஸ்ஸையும் ஃபைக்காலையும் இப்போதே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், காலையில் அறைச் சூட்டுக்கு வந்திருக்கும். சாவியை செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டு நோட்டில் நேரத்தோடு கையெழுத்துப் போடுங்கள். போடாவிட்டால் அவர் காலையில் உங்களிடம் கேட்கமாட்டார், நேராகக் கைடிடம்தான் போய் நிற்பார்.